வாள் யார் கையில்? தீர்ப்பு யார் வாயில்?

உலகப் போர் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். எத்தனை கோடிப் பேர் மாண்டனர், எந்த நகர் எரிந்தது, எந்த உடன்படிக்கை எந்த ஆண்டில் கையெழுத்தாயிற்று என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினோம். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான். கடற்கரை ஊர்ப் பிள்ளை. பரதவர் வீட்டு மகன்.

“சார், எங்கண்ணன் பட்டாளத்துல இருக்கான். எல்லையில யாரையாவது சுட்டா, அத அவன் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா, வேண்டாமா?”

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, விடை கூறவுமில்லை. “உங்க பங்குச் சாமியாரைக் கேளு” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினோம்.

தோழர்களே! பகுத்தறிவு பேசும் நாம், மேடை ஏறினால் மூடத்தனத்தின் முதுகெலும்பை முறிப்போம் என்று முழங்கும் நாம், ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு விடையின்றி அவனைக் கோயில் வாசலுக்கு அனுப்பிவைத்தோம்! அன்றிரவு உறக்கம் வரவில்லை. கொன்றவன் பாவியா, கடமை செய்தவனா? இந்தக் கேள்விக்குக் கத்தோலிக்கத் திருச்சபை பதினாறு நூற்றாண்டுகளாக ஒரு விடை வைத்திருக்கிறது. நம்மிடம் என்ன விடை இருக்கிறது? அவர்கள் விடையைப் படித்துப் பார்க்காமலேயே பழித்துவிட்டுப் போவது எளிது. அது பகுத்தறிவாகாது, பழக்கம், அவ்வளவே.

முதலில் அந்த விடையை நேர்மையாக எடுத்துரைப்போம்.

தொடக்கக் காலக் கிறித்தவருள் பலர் படைக்கலம் ஏந்த மறுத்தவர்கள். கி.பி. 295இல், வட ஆப்பிரிக்காவில், மாக்சிமிலியன் என்னும் இளைஞன் உரோமப் படையில் சேரமாட்டேன் என்று கூறித் தலையைக் கொடுத்தான். அடுத்த நூற்றாண்டில் உரோமப் பேரரசே சிலுவையைத் தழுவிற்று. அரியணைக்கு அஞ்சி நின்ற மதம் அரியணைக்கு அருகே அமர்ந்தது. அருகே அமர்ந்த பிறகு, அரசன் போருக்குப் புறப்படும்போது அவனிடம் ஏதேனும் சொல்லியாக வேண்டுமே! ‘போகாதே’ என்றால் இருக்கை போய்விடும். ‘போ’ என்றால் ஏசுவின் சொல் போய்விடும். இந்த இடுக்கில் பிறந்ததுதான் ‘அறப்போர்’ என்னும் கோட்பாடு. அகஸ்தீன் விதைத்தார், பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் அதனை வரம்பு கட்டி வளர்த்தார். போர் அறமாக வேண்டுமெனில் மூன்று வேண்டும் என்றார் அவர். அறிவிப்பவன் ஆளும் உரிமை உடையவனாக இருத்தல் வேண்டும். காரணம் நியாயமாக இருத்தல் வேண்டும். உள்நோக்கம் தூயதாக இருத்தல் வேண்டும். குருமார் வாளேந்திப் போரிடலாகாது என்றும் விதித்தார்.

இந்த மூன்று விதிகளில் எதற்கு வானுலக வாக்கு தேவை? எதற்கு அற்புதம் தேவை? ஒன்றற்கும் இல்லை. அறிவுள்ள எவனும் ஆராய்ந்து அடையக்கூடிய முடிவுகளே அவை. ஆகவே, ‘மதம் சொன்னது’ என்று ஒதுக்கும் உரிமை நமக்கு இல்லை. அறிவின் தளத்தில் வைக்கப்பட்ட வாதத்தை அறிவின் தளத்திலேயே உரசிப் பார்த்தாக வேண்டும். உரைகல் தேடி உரோமாபுரி செல்ல வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்த பொருநை கடலில் கலக்கும் இடத்திலேயே அது கிடக்கிறது.

புன்னைக்காயல்! தாமிரபரணி தன் பயணத்தை முடிக்கும் ஊர். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை அதுவும் நெல்லை மாவட்டமே. கொற்கை முத்தின் புகழ் பாடும் நம் புலவர் பெருமக்கள் அந்த முத்தைக் குளித்தெடுத்தவன் மூச்சடக்கிய கதையைப் பெரிதும் பாடியதில்லை, அது போகட்டும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரையில் முத்துக்குளிக்கும் உரிமைக்காகப் பரதவருக்கும் இசுலாமிய வணிகருக்கும் இடையே பகை முற்றிற்று. கொலையும் கொள்ளையும் பெருகின. நெருக்குண்ட பரதவர் கொச்சியில் இருந்த போர்ச்சுகீசியரின் துணையை நாடினர். துணைக்கு விலை என்ன? திருமுழுக்கு! 1536, 1537 ஆண்டுகளில் முத்துக்குளித்துறை ஊர்களில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் கிறித்தவராயினர். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்ச்சுகீசியக் கடற்படை எதிரிகளின் மரக்கலங்களை முறியடித்தது.

இந்த நிகழ்ச்சியை எப்படி எடை போடுவது? ‘மதத்தை விற்று வாளை வாங்கினர்’ என்று நம்மவர் சிலர் எள்ளி நகையாடுவர். நாம் நகையாட மாட்டோம். உயிருக்கு அஞ்சியவன் உதவி தேடினான். அதில் அவன் குற்றம் என்ன? குற்றம் விலை குறித்தவன்மீதே. இடர்ப்பட்டவனைக் காப்பது அறம் என்றால், அதை அவன் எந்தக் கடவுளை வணங்குகிறான் என்று கேளாமல் செய்திருக்க வேண்டும். கேட்டுவிட்டுச் செய்தால் அதன் பெயர் வணிகம்.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவரைப் பற்றி எழுதும்போது நம் பேனா சற்றுத் தயங்குகிறது. வெறும் வில்லனாகத் தீட்டிவிட முடியாத மனிதர் அவர். 1544 சூன் திங்களில் வடுகப் படை தென்கரை ஊர்களில் பாய்ந்தது. பரதவர் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து, பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்தடித்தது, தோணிகள் சென்று சேர முடியவில்லை. பின்னர்க் கால்நடையாகவே சென்றார். தூத்துக்குடியில் இருந்த போர்ச்சுகீசியத் தலைவன் இக்கரையில் அடித்த கொள்ளையையும், அவன் பேராசையால் விளைந்த சாவுகளையும் தம் மடல்களில் கடிந்து எழுதினார். தன் மதத்தான், தான் சார்ந்து நின்ற அரசனின் ஆள் என்று பார்த்து வாய்மூடி இருக்கவில்லை. அந்த அளவில் அவர் நம் மதிப்புக்கு உரியவரே.

ஆனால் அதே ஆண்டில் கடலுக்கு அக்கரையில் மன்னாரில் ஒரு கொடுமை நடந்தது. புதிதாகக் கிறித்தவரான அறுநூறு பேருக்குமேல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். மதம் மாறியதற்காகவா, போர்ச்சுகீசியரின் கை தன் ஆட்சிக்குள் நுழைகிறது என்ற அச்சத்தாலா? இரண்டும் கலந்திருக்கும். எதுவாயினும் படுகொலை படுகொலையே. சவேரியார் போர்ச்சுகீசிய ஆளுநரிடம் முறையிட்டார். மன்னனைத் தண்டிக்கப் படை அனுப்ப ஒப்புதல் பெற்றார். அரியணைக்கு உரிமை கோரிய மன்னனின் உடன்பிறந்தான் ஒருவன், ஆட்சி தன் கைக்கு வந்தால் கிறித்தவனாவதாக வாக்களித்திருந்தான். 1545இல் நாகப்பட்டினத்தில் படை திரள வேண்டும் என்பது ஏற்பாடு. சவேரியாரும் அங்கே சென்று காத்திருந்தார்.

படை புறப்படவில்லை. ஏன் தெரியுமா? பெகு நாட்டிலிருந்து சரக்கேற்றி வந்த போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிற்று. சரக்கை மன்னன் கைப்பற்றிக்கொண்டான். போர் தொடுத்தால் சரக்கு போய்விடுமே! அது மீளும்வரை வாள் உறையிலேயே கிடக்கட்டும் என்றனர். அறுநூறு உயிரின் நியாயத்தை ஒரு கப்பல் சரக்கு நிறுத்தி வைத்தது!

அக்குவினாசின் மூன்று விதிகளையும் இந்த நாகப்பட்டினத்துக் கரையில் வைத்துப் பாருங்கள். காரணம் நியாயமானதா? படுகொலையைத் தண்டிப்பது என்ற அளவில் ஆம் என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் உரிமை? யாழ்ப்பாணத்தின்மீது லிசுபன் அரசனுக்கு எவன் கொடுத்த உரிமை? உள்நோக்கமோ, கப்பல் தரைதட்டிய அன்றே வெளுத்துவிட்டது. நெஞ்சில் ஒன்று, நாவில் ஒன்று, கணக்குப் புத்தகத்தில் வேறொன்று!

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1539இல், இசுபானியாவின் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா என்னும் துறவி போரைப் பற்றி விரிவுரை ஆற்றினார். சமய வேறுபாடு போருக்குக் காரணமாகாது. பேரரசை விரிப்பதும் காரணமாகாது. மன்னனின் புகழாசையும் காரணமாகாது என்றார். அதற்கும் மேலே சென்று, போர் அநீதியானது என்று உறுதியாக உணர்ந்த குடிமகன், அரசனே ஆணையிட்டாலும் அதில் சேரக்கூடாது என்றார். எத்துணைத் துணிவான சொல்! ஆனால் சலமாங்காவில் பேசிய கோட்பாட்டுக்கும் புன்னைக்காயலில் இறங்கிய கப்பலுக்கும் இடையே கடல் மட்டுமா கிடந்தது?

1549இல் வேதாளையில் நடந்ததையும் சொல்லிவிடுவோம். அங்கிருந்த போர்ச்சுகீசியத் தலைவன் இராமேசுவரம் செல்லும் வழியை மறித்து அகழி வெட்டி, பயணிகளிடம் சுங்கம் பறித்தான். வெகுண்ட வடுகப் படை பாய்ந்தது. தலைவன் படகேறித் தப்பினான். பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றிக்கொண்டு கரையிலேயே நின்ற அந்தோணி கிரிமினாலி என்னும் குரு ஈட்டிக்கு இரையானார். சுங்கம் வாங்கியவன் ஒருவன். உயிர் கொடுத்தவன் மற்றொருவன். ஏடுகள் இரண்டாமவரை மறைசாட்சி என்று போற்றுகின்றன. போற்றட்டும், தகும். ஆனால் முதலாமவன் வெட்டிய அகழியை மறந்துவிட்டு அந்தச் சாவை விளக்க முடியுமா?

ஆக, கோட்பாடு தவறா, கையாண்டவர் தவறா? ‘கோட்பாடு நல்லது, மனிதர்தாம் தவறினர்’ என்று கூறுவது மதவாதிகளின் வழக்கமான தப்பும் வழி. நாம் அவ்வழியில் விடமாட்டோம். கோட்பாட்டிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது.

முதல் விதியைப் பாருங்கள்: ஆளும் உரிமை உடையவனே போர் அறிவிக்கலாம். நெல்லைச் சீமையில் இந்த விதி யாருக்கு உதவும்? 1792இல் ஆர்க்காட்டு நவாபிடம் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிப் பாளையக்காரரிடம் கப்பம் பெறும் உரிமையை எடுத்துக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. மிளகும் துணியும் வாங்க வந்த கூட்டம் ‘ஆளும் உரிமை’ உடையதாயிற்று! பாஞ்சாலங்குறிச்சியான் ‘கலகக்காரன்’ ஆனான். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கில் தொங்கினான். இந்த விதி எப்போதும் முத்திரை வைத்திருப்பவன் பக்கமே சாய்கிறது. முத்திரை எப்படி வந்தது என்று கேட்க அதற்கு நாவில்லை.

இதனினும் பெரிய ஓட்டை, தீர்ப்பளிப்பது யார் என்பது. காரணம் நியாயமா, நோக்கம் தூயதா என்று அளந்து சொல்வது யார்? அதே விட்டோரியா, போர்க்காரணத்தை ஆராயும் கடமை அரசவையில் இடம்பெற்ற பெரியோருக்கே உரியது. எளிய குடிகள் மேலோரை நம்பி நடக்கலாம் என்றும் கூறினார். ஒரு கையால் கொடுத்த துணிவை மறு கையால் வாங்கிக்கொண்டார்! வகுப்பறையில் எழுந்து நின்ற சிறுவனின் அண்ணன் அந்த ‘எளிய குடி’ தானே? குண்டு தாங்க அவன். ஆராய்ந்து சொல்ல அவையோர்!

இந்த ஓட்டையில் விழுந்து மாண்டான் ஓர் உழவன். ஆசுதிரிய நாட்டு பிரான்சு யேகர்சுடேட்டர். இட்லரின் போர் அநீதியானது, அதில் வாளெடுப்பது பாவம் என்றான். அவனுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது திருச்சபையின் நூல்கள்தாம். ஆனால் பங்குக் குருவும் ஆயரும் அவனுக்குச் சொன்ன புத்தி என்ன? ‘குடும்பத்தை எண்ணிப் பார், அரசுக்குப் பணிந்து நட’ என்பதே. அவன் பணியவில்லை. 1943 ஆகசுடு 9ஆம் நாள் அவன் தலை வெட்டப்பட்டது. 2007இல் அதே திருச்சபை அவனுக்கு அருளாளர் பட்டம் சூட்டியது. உயிரோடிருந்தபோது ‘பணி’ என்றவர்கள், மாண்டு அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்துப் ‘பணியாததற்காக’ மாலை சூட்டினர்.

அரசியலில் திருச்சபைக்கு இடம் உண்டா என்ற வினா இங்கேதான் எழுகிறது. ‘கோயிலுக்கு உள்ளே இரு, வெளியே வராதே’ என்று சொல்லிவிடலாம், நம் கூட்டங்களில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இடிந்தகரையை நினைத்துப் பாருங்கள். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011 முதல் மீனவ மக்கள் கூடியது எங்கே? லூர்து மாதா கோயில் முற்றத்தில்! அங்கே குந்தியிருந்த பெண்கள் கையில் வாளில்லை, வேலில்லை. அந்த ஆயிரக்கணக்கானோர்மீது பாய்ந்த சட்டப்பிரிவுகள் என்ன தெரியுமா? இராச துரோகம், அரசின்மீது போர் தொடுத்தல்! 2013 மே திங்களில் உலைக்கு ஒப்புதல் தந்த உச்ச நீதிமன்றமே வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறு கூறிற்று. எது போர், எது போரன்று என்று பெயர் சூட்டும் அதிகாரத்தையும் அரசிடமே விட்டுவிட்டால், கஞ்சிக்கலயத்தோடு பந்தலில் அமர்ந்தவளும் படைத்தலைவியாகிவிடுவாள். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு வழக்கு. அதில் நம் தோழர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த முற்றம் மூடியிருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டோம்.

அக்கரையிலும் ஒரு காட்சி. 1995 சூலை 9ஆம் நாள், யாழ்ப்பாணம் நவாலியில் பேதுருவானவர் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்மீது இலங்கை விமானப் படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2009இல் வன்னியில் போர் முடிந்தது. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் அமர்ந்து, அரசின் மக்கட்கணக்கையே எடுத்துக்காட்டி, 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். 2021இல் மறையும்வரை அந்தக் கேள்விக்கு அவருக்கு விடை கிட்டவில்லை. அதே திருச்சபையின் கொழும்புப் பேராயரோ, 2012இல் செனீவாவில் தீர்மானம் வந்தபோது, அதை வெளியார் தலையீடு என்றார். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு மறைமாவட்டக் கோயில்களிலேயே குண்டுகள் வெடித்தன. உள்நாட்டு விசாரணையில் நம்பிக்கை இழந்த பேராயர் 2022இல் செனீவா சென்று பன்னாட்டு விசாரணை கேட்டார். அவர் துயரத்தை எள்ள மாட்டோம். ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் மன்னார் ஆயர் தட்டிய கதவும் அதுதானே!

ஒரே மறைநூல், ஒரே மறைக்கல்வி, ஒரே மூன்று விதிகள். தீர்ப்பு இரண்டு! ஏன்? மன்னார் ஆயர் பிணங்களின் பக்கத்தில் நின்று அளந்தார். கொழும்பு நெடுந்தொலைவில் இருந்தது. அளவுகோல் ஒன்றாயினும் நிற்கும் இடம் வேறு. ஆகவே நாம் கொண்டுள்ள முடிவு இது: அரசனுக்குப் பிடித்ததைச் சொல்லும் மதகுருவின் சொல்லுக்கு அறநெறியில் எடையில்லை, அது உண்மையாகவே இருந்தாலும், தன் அரசையும் தன் இனத்தையும் எதிர்த்துச் சொன்னால் செவிசாய்ப்போம். இதில் மதகுரு மட்டுமல்லர், நாத்திகனும் அடக்கம்.

அடக்கம் என்று எழுதியபோது நம் முகமே நமக்கு முன்வந்து நின்றது. புறநானூற்று வீரத்தைப் புகழாத நம் மேடை உண்டா? பசுக்களும் பெண்டிரும் நோயாளரும் விலகிப் போகட்டும் என்று முன்னறிவித்து அம்பெய்த முதுகுடுமிப் பெருவழுதியை நாமும் அறப்போரின் இலக்கணமாகக் காட்டுகிறோம். முன்னறிவிப்புச் செய்தான், சரி. எதற்காகப் போர் செய்தான் என்று எந்தப் பேச்சாளரேனும் கேட்டதுண்டா? அக்குவினாசாவது காரணம் கேட்டார். நாம் விழுப்புண்ணை எண்ணினோமேயன்றிக் காரணத்தை எண்ணவில்லை. 1962இல் சீனப் படை எல்லை தாண்டியபோது கட்சி வேறுபாடின்றி, திராவிட இயக்கத்தார் உட்பட, எல்லோரும் போர் முயற்சிக்குத் துணை நின்றனர். அந்தத் தற்காப்பு நியாயமே என்பது நம் கருத்து. ஆயினும், கேள்வி கேட்டவனைத் துரோகி என்னும் காய்ச்சல் அப்போது நம்மையும் தொற்றாமல் விட்டதா?

திருச்சபையும் மெல்ல மெல்லத் தன் கோட்பாட்டின் ஓட்டையை உணர்ந்து வந்திருக்கிறது. 1963இல் போப்பாண்டவர் இருபத்து மூன்றாம் யோவான், அணுகுண்டுக் காலத்தில் உரிமைகளை மீட்கப் போரைக் கருவியாகக் கொள்வது அறிவுக்கு ஒவ்வாது என்று எழுதினார். அடுத்த ஆண்டு பம்பாய் வந்த ஆறாம் பவுல், படைச் செலவில் ஒரு பகுதியை ஏழைகளுக்கு ஒதுக்குமாறு உலக நாடுகளை வேண்டினார். 1965இல் வத்திக்கான் சங்கம் நகரங்களை மக்களோடு அழிக்கும் போரைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்றது. 2020இல் போப் பிரான்சிஸ், பழைய அளவுகோல்களைக் காட்டி ‘அறப்போர்’ என்று இன்று பேசுவது மிகக் கடினம் என்ற அளவுக்கு வந்துவிட்டார். காலம் தாழ்ந்து வந்தாலும் வந்த சொல்லை வரவேற்போம். ஆனால் அந்தச் சொல் வத்திக்கானிலிருந்து பங்குக் கோயிலின் பலிபீடத்துக்கு வர எத்தனை ஆண்டுகள் பிடிக்கும்? அங்கிருந்து பட்டாளத்துப் பாசறைக்கு?

சிறுவனின் கேள்விக்கு வருவோம். சுட்டதைச் சொல்லவேண்டுமா என்று கேட்டான் அவன். சுட்ட பிறகு சொல்வதைப் பற்றிய கேள்வி அது. குருவானவரிடம் அதற்கு விடை இருக்கலாம். சுடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அதைக் கேட்டதற்காக அவன் அண்ணனுக்குச் சிறை கிடைக்கும். அந்தச் சிறைக்கதவைத் திறக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அது வேண்டும் என்று கேட்ட கூட்டம் ஒன்றையும் நாம் நம் மாவட்டத்தில் நடத்தியதில்லை.

மறுநாள் அவனை அழைத்து, “அன்னைக்கு நான் சொன்னது சரியில்லை தம்பி” என்றோம். அவன் விழித்தான், ஆசிரியர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை போலும். அவன் அண்ணன் கோயில் திருவிழாவுக்கு விடுமுறையில் வருகிறானாம். “வீட்டுக்கு வாங்க சார், அவன்கிட்டயே பேசலாம்” என்று அழைத்திருக்கிறான். போகிறோம்.